முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பள்ளி திறந்திருந்தது: கொரோனா கால விதிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜனவரி 4, திங்கட்கிழமை. அன்று புதுச்சேரியில் 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளுக்கும் அரை நாள் பள்ளி தொடங்கியது. அதே நாளில் தமிழ்நாடு அரசு சினிமா தியேட்டர்களில் நூறு சதவீத இருக்கைகளுக்கு அனுமதி கொடுத்து ஆணை போட்டது. அப்போது கடலூர் மாவட்டத்தில் ஒரு வகுப்புக்கும் பள்ளி திறக்கவில்லை. ஜனவரி 19 அன்றுதான் 10, 12 வகுப்புகளுக்கு மட்டும் திறந்தார்கள். அதற்கு முந்தின நாளே புதுச்சேரிப் பள்ளிகள் முழு நாளுக்கு மாறியிருந்தன.

கடலூரிலிருந்து பாண்டிக்கு 25 கிலோமீட்டர்கூட இல்லை. பஸ் மஞ்சக்குப்பம், தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி என்று தமிழ்நாட்டுக்குள் ஓடி முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழைகிறது. அப்புறம் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். வழியில் எங்கே மாநிலம் மாறுகிறது என்பது வெளியூர்க்காரர் கண்ணில் படாது. படுவதென்றால் மதுக்கடைப் பலகைதான் காட்டிக்கொடுக்கும். இந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்குக் கொரோனா காலத்து விதிகள் ஏன் அவ்வளவு கோபத்தை உண்டாக்கின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதி கடுமையாக இருந்ததால் மக்கள் சண்டை போடவில்லை. 2020 ஏப்ரலில் இருந்ததைவிடக் கடுமையான விதி வேறு இல்லை. அப்போது கடலூரிலும் பாண்டியிலும் பெரும்பாலானவர்கள் வாயைத் திறக்காமல் வீட்டில் இருந்தார்கள். விதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போன பிறகுதான், அதற்குக் காரணம் சொல்ல ஆள் இல்லாமல் போன பிறகுதான், தகராறு தொடங்கியது.

எல்லை எப்படி இப்படி ஆனது

புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கிராமங்கள் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. பழைய எல்லைகள் அப்படியே நின்றுவிட்டன. பாகூர்ப் பக்கம் வயல் வரப்பைத் தாண்டினால் வேறு மாநிலம். காரைக்கால் தெற்கே தனியாக, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில்.

இதனால் வந்த விசித்திரம் கொரோனாவின் முதல் ஆண்டிலேயே தெரிந்தது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேவுக்குக் கேரளம், ஏனாமுக்கு ஆந்திரம். 2020 மே கடைசி வாரத்தில் கேரளம் மீதமிருந்த பத்தாம் வகுப்புத் தேர்வுகளை நடத்தி முடித்தது. ஜூன் 9 அன்று தமிழ்நாடு பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து எல்லாரையும் தேர்ச்சி என்று அறிவித்தது. ஆந்திரா ஜூன் 20 அன்று ரத்து செய்தது. ஒரே முதலமைச்சர், ஒரே கவர்னர், ஒரே கல்வித்துறை. ஆனால் மாஹே பிள்ளை மாஸ்க் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதினான், காரைக்கால் பிள்ளை எழுதவில்லை. மாஹேவில் தேர்வறையில் உட்காரலாம் என்றால் காரைக்காலில் ஏன் கூடாது என்று ஒரு பெற்றோர் கேட்டால், பதில் நோயில் இல்லை, பாடத்திட்டத்தில்தான் இருந்தது.

ஞாயிறு இங்கே, செவ்வாய் அங்கே

ஆரம்ப மாதங்களில் எல்லையை மூடியதற்குக் காரணம் இருந்தது, அதை மறுக்கக் கூடாது. 2020 ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. அங்கே மூட்டை தூக்கிய, காய்கறி ஏற்றிய தொழிலாளர்கள் லாரி பிடித்து ஊர் திரும்பினார்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அதில் ஏராளம். மே முதல் வாரத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேல் பாசிட்டிவ் வந்த மாவட்டம் சென்னைக்கு அடுத்து கடலூர்தான். பாண்டி அப்போது பயந்தது நியாயமே.

ஆனால் ஜூலை, ஆகஸ்டில் நிலைமை வேறு. இரண்டு பக்கமும் தொற்று இருந்தது, இரண்டு பக்கமும் வேலைக்கு ஆள் போய்வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் தளர்வில்லா முழு ஊரடங்கு. புதுச்சேரியிலோ ஆகஸ்டில் செவ்வாய்க்கிழமை முழு அடைப்பு. எல்லையில் கடை வைத்திருப்பவருக்கும் இரண்டு பக்கமும் வேலை பார்ப்பவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் போயிற்று. அதனால் கூட்டம் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. ஞாயிறு கறி வாங்க முடியாத கடலூர்க்காரர் சனிக்கிழமை மாலை மீன் மார்க்கெட்டில் முண்டியடித்தார். செவ்வாய் மூடும் என்று தெரிந்த பாண்டிக்காரர் திங்கள் மாலை கடைத்தெருவில் நின்றார். ஒரு நாள் அடைப்பு கூட்டத்தை முந்தின மாலைக்கு நகர்த்தியது, அவ்வளவுதான்.

இ-பாஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், எல்லாரும் பட்டதுதான். மாநிலங்களுக்கு இடையே தடை கூடாது என்று மத்திய உள்துறை ஆகஸ்ட் 22 அன்று கடிதம் எழுதியது. தமிழ்நாட்டுக்குள் இ-பாஸ் செப்டம்பர் 1 முதல் போனது. ஆனால் கடலூர்–பாண்டி பஸ் ஓட நவம்பர் ஆயிற்று. பைக் இல்லாதவர்தான் அதுவரை தவித்தார். பாண்டி ஜிப்மர் மருத்துவமனைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிற வயதானவர்கள் ரெட்டிச்சாவடி வரை ஷேர் ஆட்டோவில் வந்து, செக்போஸ்ட்டை நடந்து கடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்தார்கள். போலீஸ்காரர் மருத்துவமனை நோட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். நல்ல மனுஷர் பணியில் இருந்தால் சரி, இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான். விதி தெளிவாக இல்லாத இடத்தில் பணியில் இருப்பவரின் மனசுதான் விதி ஆகிறது.

மதுவிலை ஒரு சாட்சி

எல்லையின் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கும் வழக்கம் நம் அரசுகளுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேண்டும் என்றபோது பார்த்தார்கள்.

2020 மே 7 அன்று தமிழ்நாட்டில் டாஸ்மாக் திறந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்க, 16 அன்று மறுபடி திறந்தது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் தரும் கடை அது. ஊரடங்கில் மற்ற வரி வருமானம் எல்லாம் விழுந்து கிடந்தபோது அரசு ஏன் அதைப் பிடித்துக்கொண்டது என்பது புரியாத விஷயம் இல்லை. புதுச்சேரி மே 25 அன்று மதுக்கடைகளைத் திறந்தது. திறப்பதற்கு முன் முதலமைச்சர் நாராயணசாமியின் அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே இழுபறி. கடைசியில் மதுவின் மேல் சிறப்பு வரி போட்டு, தமிழ்நாட்டு விலைக்கு இணையாக உயர்த்தினார்கள். காரணம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது: விலை குறைவாக இருந்தால் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் எல்லை தாண்டி வருவார்கள், கூட்டம் சேரும், தொற்று பரவும். அந்த வரி பல முறை நீட்டிக்கப்பட்டது.

இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு பக்கத்து விதி மறுபக்கத்தில் என்ன செய்யும் என்று யோசித்து, கணக்குப் போட்டு, காரணத்தையும் சொல்லி எடுத்த முடிவு. பாட்டிலுக்குக் காட்டிய இந்த அக்கறையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் காட்டவில்லை? என் முழு ஆதங்கமும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடம்: யார் முதலில், யார் கடைசியில்

2020 நவம்பர் 9 அன்று தமிழ்நாடு முழுக்கப் பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். 16 அன்று 9 முதல் 12 வரை திறப்பதாக அறிவித்திருந்தார்கள், அதற்கு எதிர்ப்பு வந்ததால் இந்தக் கூட்டம். கடலூரில் நான் போன கூட்டத்தில் இரண்டு பக்கமும் உணர்ச்சியோடு பேசினார்கள். ஒரு அம்மா எழுந்து, “சார், பள்ளிக்கூடம் மூடியிருந்தா புள்ளைங்க வீட்ல பத்திரமா இருக்கும்னு சொல்றீங்க. எம்மவன் வீட்ல இல்ல சார், செங்கச் சூளையில இருக்கான். அங்க வராதா கொரோனா?” என்று கேட்டார். அவருக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தவர், “எங்க அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்குதுங்க. பையன் பள்ளிக்கூடத்துல இருந்து எதையாவது கொண்டாந்துட்டா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?” என்றார். இருவர் சொன்னதும் உண்மை. தலைமை ஆசிரியரிடம் இருவருக்கும் சொல்லப் பதில் இல்லை, மேலே எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். 12 அன்று திறப்பு தள்ளிவைக்கப்பட்டது, கருத்துகள் மாறுபட்டதால் என்று.

கருத்து மாறுபடத்தான் செய்யும். சூளையில் வேலை செய்கிற பிள்ளையின் தாய்க்கும் டயாலிசிஸ் நோயாளி வீட்டில் இருக்கும் தகப்பனுக்கும் ஒரே பதில் கிடையாது. விருப்பப்பட்டவர் வரலாம், வராதவருக்கு வருகைப் பதிவில் குறை இல்லை என்ற வழி ஒன்று இருந்தது. செப்டம்பர் 21 முதல் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு 9 முதல் 12 வரை மாணவர்கள் ஆசிரியரைச் சந்திக்கலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொன்னது. புதுச்சேரி அக்டோபரில் அந்த வழியில் போனது. கடலூர் போகவில்லை. நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்தது. 25 நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. தாழ்வான பகுதி மக்களைக் கூட்டி வந்து பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். அது தேவைதான், உயிர் காக்கிற வேலை. ஆனால் பிள்ளைகள் கூடக் கூடாது என்று பூட்டியிருந்த அதே வகுப்பறையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்ததைப் பார்த்த பெற்றோர்கள் மறுவாரம் கேள்வி கேட்காமல் இருப்பார்களா?

ஜனவரியில் நடந்ததை மேலே சொன்னேன். அது ஒரு வீட்டுக்குள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ரெட்டிச்சாவடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அம்மா புதுச்சேரி எல்லைக்குள் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஷிப்ட் வேலை. மகள் ஊரில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் அக்கா பையன் கிருமாம்பாக்கத்துப் பக்கம் அரசுப் பள்ளியில், அவனும் மூன்றாம் வகுப்பு. ஜனவரியில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போக, இவள் கல்வித் தொலைக்காட்சி முன்னால். வீட்டில் ஒரே போன், அதை அம்மா ஷிப்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடம் இரவு ஏழரைக்குத்தான் மகள் கைக்கு வரும். அதற்குள் அன்றைய டேட்டா பெரும்பாலும் தீர்ந்திருக்கும். வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், குழந்தை தூங்கிவிடும். பொங்கலுக்கு இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில், ஒரே பாயில். நோய் ஒருவனுக்கு வந்தால் மற்றவளுக்கும் வந்திருக்கும். அரசுகள் பிரித்தது படிப்பை மட்டும்தான்.

புதுச்சேரியின் சின்ன வகுப்புகள் மார்ச் 22 அன்று மறுபடி மூடப்பட்டன. ஆக ஏறத்தாழ இரண்டரை மாதம் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது. இந்தப் பக்கத்து மூன்றாம் வகுப்புக்காரி 2020 மார்ச்சுக்குப் பிறகு வகுப்பறையைப் பார்த்தது 2021 நவம்பர் 1 அன்று. அப்போது அவள் நான்காம் வகுப்பு.

இங்கேதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் வருகிறது. 2021 ஜூலை 20 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வின் முடிவை வெளியிட்டது. நாட்டில் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு இருந்தது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம். நாட்டின் பெரும்பகுதியில் தொடக்கப் பள்ளிகள் மூடியே கிடந்தும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைரஸ் தொட்டுவிட்டுப் போயிருந்தது, பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும்தான். கழகத்தின் தலைவர் பல்ராம் பார்கவா அன்றே சொன்னார்: சிறு குழந்தைகள் இந்த வைரஸைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள், பள்ளி திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பிப்பது நல்லது, ஆசிரியர்களும் ஊழியர்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

நாம் என்ன செய்தோம்? செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 9 முதல் 12 திறந்தது. சின்னப் பிள்ளைகள் கடைசி. அதிசயமாக இந்த ஒரு முறை இரண்டு அரசும் ஒத்துப்போயின, ஆனால் தலைகீழ் வரிசையில். மூன்றாம் அலை குழந்தைகளைத் தாக்கும் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது, பெற்றோரிடமும் பயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த வரிசையைத் தீர்மானித்தது பொதுத்தேர்வு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பரீட்சை இருக்கிறது, மூன்றாம் வகுப்புக்கு இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுகிற வயதில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மார்க் ஷீட் கிடையாது, அதனால் அது யார் கணக்கிலும் வரவில்லை. தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். நல்ல திட்டம், தன்னார்வலர்களாக வந்த பெண்கள் உண்மையாக உழைத்தார்கள். இழந்ததை அரசே ஒப்புக்கொண்டதற்கு அதுவே அடையாளம்.

மைதானம்

2020 ஜூலை இறுதியில் புதுச்சேரி கிரிக்கெட் சங்கம் துத்திப்பட்டு மைதானத்தில் ஒரு டி20 தொடர் நடத்தியது. ஊரடங்குக்குப் பிறகு நாட்டில் நடந்த முதல் கிரிக்கெட் போட்டிகளில் ஒன்று. பார்வையாளர் இல்லை, இணையத்தில் நேரலை. பார்வையாளர் இல்லாமல் விளையாட்டு வளாகங்களைத் திறக்கலாம் என்று மே மாதத்து மத்திய வழிகாட்டுதல் சொல்லியிருந்தது, அதனால் விதிமீறல் என்று சொல்ல முடியாது. அதே வாரங்களில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் டென்னிஸ் பந்து வைத்து ஆடிய பையன்களை போலீஸ் விரட்டியது. ஓட்டப் பயிற்சிக்கு வந்த காவலர் தேர்வுப் பையன்களும் சேர்ந்து ஓடினார்கள். திறந்த வெளியில் ஆறு பேர் ஓடுவதைவிட மூடிய டிரெஸ்ஸிங் ரூமில் இரண்டு டீம் உட்காருவதில் ஆபத்து குறைவு என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். பணம் கட்டி, அனுமதி வாங்கி, கேமரா வைத்து ஆடினால் விளையாட்டு. காசில்லாமல் ஆடினால் கூட்டம்.

2022 ஜனவரியில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு, சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி இல்லை. ஜல்லிக்கட்டுக்குப் பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைத்து அனுமதி உண்டு. ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்கள் மூடல். தை 5 எங்கள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா, அந்த ஆண்டு சரியாக 18 அன்று வந்தது. காற்றோட்டமான ஆற்று மணலில் சாமி வந்து நிற்கும் விழா. ஜல்லிக்கட்டுக்கு இருந்த வழி இதற்கு ஏன் இல்லை என்று பெரியகங்கணாங்குப்பத்துப் பெரியவர்கள் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. புதுச்சேரியில் அதற்கு இரண்டரை வாரம் முன்னால் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு அனுமதி. தமிழ்நாடு கடற்கரைகளை மூடியிருந்ததால் கூட்டம் எல்லாம் பாண்டிக்குப் போனது. இரவு 10 முதல் 1 மணி வரை மது விற்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஜனவரி 10 அன்று அதே புதுச்சேரியில் 1 முதல் 9 வரை பள்ளி மூடல். கொண்டாட்டத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள் என்று பாண்டி நண்பர் ஒருவர் அன்று கோபமாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

வேலை

இதில் அதிகம் எழுத வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. 2021 மே மாதத்து முழு ஊரடங்கிலும் தொடர் இயக்கத் தொழிற்சாலைகளும் அத்தியாவசியப் பொருள் தயாரிப்பும் ஓடலாம் என்றிருந்தது. மே 13 அன்று கடலூர் சிப்காட்டில் பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். மளிகைக் கடையும் டீக்கடையும் மதியத்தோடு மூட வேண்டும் என்றிருந்த நாட்கள் அவை. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது. அவர் வேலைக்குப் போயே ஆக வேண்டும், பிள்ளை வீட்டில் இருந்தே ஆக வேண்டும். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு எந்த ஆணையிலும் ஒரு வரி இல்லை. பள்ளியையும் வேலையையும் தனித்தனித் துறைகள் தனித்தனியாக முடிவு செய்தால் இப்படித்தான் வரும். பாட்டிதான் பார்த்துக்கொண்டாள். யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னோமோ அந்த வயதானவளிடமே பிள்ளையைக் கொண்டுபோய் விட்டோம்.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா

முடியும், அதற்குப் பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். முதலில் காரணம். “மருத்துவ நிபுணர்கள் பரிந்துரையின்படி” என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், அந்தப் பரிந்துரையையே ஆணையோடு இணைத்து வெளியிட்டால் போதும். தியேட்டருக்கு நூறு சதவீதம் என்று ஜனவரி 4 அன்று சொல்லி, மத்திய அரசின் கடிதமும் நீதிமன்றமும் குறுக்கிட்டதும் 8 அன்று ஐம்பது என்று திரும்பியதுபோல நடந்திருக்காது. பரிந்துரை கண்ணுக்குத் தெரிந்தால் முதல் ஆணையே வந்திருக்காது. புதுச்சேரி 2021 ஜூலை 16 அன்று பள்ளி திறப்பதாகச் சொல்லித் தள்ளிவைத்ததும் அப்படித்தான். சீருடை தைக்கக் கொடுத்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

அடுத்தது வரிசை. கடைசியில் மூடி முதலில் திறக்க வேண்டிய இடம் தொடக்கப் பள்ளி என்று இப்போதே, நோய் இல்லாத காலத்திலேயே, இரண்டு அரசும் எழுதிவைக்க வேண்டும். அலை அடிக்கும்போது உட்கார்ந்து யோசித்தால் சத்தமாகக் கேட்கிறவர் பக்கம்தான் முடிவு சாயும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சங்கம் கிடையாது.

அப்புறம் எல்லை. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்று ஆட்சியர்களும் பள்ளி, பஸ், சந்தை, மைதானம் பற்றிய எந்த ஆணைக்கும் முன்னால் ஒருவரோடொருவர் பேசி, தேதியை ஒன்றாக வைக்க வேண்டும். ஒன்றாக வைக்க முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுத வேண்டும். இது புதிதாக உண்டாக்க வேண்டிய ஏற்பாடும் இல்லை. சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்தால் தென்பெண்ணைக் கரையில் கடலூருக்கும் பாகூருக்கும் எச்சரிக்கை போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டி வினாடிக்கு ஒரு லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேல் திறந்தபோது வெள்ளம் இரண்டு பக்கத்திலும் ஏறியது, இரண்டு பக்கத்து அதிகாரிகளும் தங்கள் கரையில் ஆட்களை வெளியேற்றினார்கள். அந்த எச்சரிக்கை போகிற வழியிலேயே பள்ளித் தேதியும் போகலாம்.